கேஸ் தீராது பாஸ்... ஓட்டையைத் தேடுங்க!

அக்னி நட்சத்திரம் நேரத்தில் சாத்தூர் பக்கம் போயிருக்கீங்களா? கரிசல் காடு. நிழலுக்கு மரம் தேடணும். அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணை ரோட்டில் மதியம் 2 மணிக்கு ஒரு பழைய மாருதி 800-ல் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து போனா, அவிச்ச பனங்கிழங்கு கணக்காத்தான் இறங்கணும். ஏசி இருக்கு. ஸ்விட்சைப் போட்டா காத்தும் வருது. குளிர் மட்டும் வரலை!

மெக்கானிக் அண்ணன்கிட்ட போனா பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கேஸ் கம்மியாயிருச்சு தம்பி, ஃபில் பண்ணிருவோம்.” பண்ணுவாங்க. ரெண்டு மாசம் ஜில்லுனு ஓடும். அப்புறம்? பழைய குருடி, கதவைத் திறடி!

இங்கேதான் நாம கொஞ்சம் உஷாராகணும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சரக்கு இல்லை. அது ஒரு மூடின வட்டத்துக்குள்ளே சுத்திக்கிட்டே இருக்கிற ஆள். ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்கில் துளித்துளியா கசியும், அது சகஜம். ஆனா ரெண்டு மாசத்தில் காலின்னா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் அடிச்சா, நம்ம பர்ஸில் இருக்கிற காசை ஆகாசத்துக்கு அனுப்புறோம். அதோட கம்ப்ரஸருக்கு உயவு தர்ற ஆயிலும் கேஸோடு சேர்ந்து வெளியே போகும். ஒருநாள் கம்ப்ரஸர் காய்ஞ்சு ஜாம் ஆகும். அப்ப வர்ற பில்லைப் பார்த்தா, கேஸ் அடிச்ச செலவெல்லாம் சில்லறைக் காசு.

மெப்கோவிலோ, காமராஜ் இன்ஜினீயரிங் காலேஜிலோ மெக்கானிக்கல் படிக்கிறவங்க பானட்டைத் திறந்து பாருங்க. பரீட்சைக்கு உருப்போட்ட வேப்பர் கம்ப்ரஷன் சைக்கிள் அங்கே உட்கார்ந்திருக்கும். இன்ஜின் பெல்ட்டில் சுத்துற கம்ப்ரஸர் கேஸை அழுத்துது. ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற கண்டென்ஸரில் அது சூட்டைக் கக்கி திரவமாகுது. டிரையரில் ஈரம் போகுது. எக்ஸ்பான்ஷன் வால்வில் நுழைஞ்சதும் பிரஷர் விழுந்து, டாஷ்போர்டுக்குள்ளே இருக்கிற எவாப்பரேட்டரில் கொதிக்க ஆரம்பிக்குது. ஆமா, கொதிக்குது! ஆர்-134ஏ கேஸுக்கு சாதாரண காற்றழுத்தத்தில் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. கொதிக்கத் தேவையான சூட்டை நம்ம முகத்தில் அடிக்கிற காத்துகிட்ட இருந்து பிடுங்கிக்குது. அம்புட்டுதான் ஏசி.

சரி, உங்க வண்டியில் இருக்கிறது எந்த கேஸ்? பழைய கார் வெச்சிருக்கிறவங்க முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இது. 1983 டிசம்பர் 14-ம் தேதி ஹர்பால் சிங்குக்கு இந்திரா காந்தி சாவி கொடுத்தாரே, அந்தக் காலத்து 800 எல்லாம் ஜப்பான் சுசூகியில் இருந்து வந்து இறங்கின பாகங்களை இங்கே கோத்த வண்டிகள். பாதி ஃபாரின்! அப்போ உலகம் முழுக்க கார் ஏசியில் ஓடினது ஆர்-12. அது சிஎஃப்சி குடும்பம். ஓஸோனை அது தின்னுதுன்னு மோலினாவும் ரோலண்டும் 1974-ல் சொன்னாங்க (அதுக்கு 1995-ல் நோபல் கிடைச்சது தனிக்கதை). 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம், 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2003 ஜனவரி 1-லிருந்து இங்கே புது ஏசி செய்ய சிஎஃப்சி கூடாதுன்னு சட்டம். 2010 பிறந்தப்போ அந்தச் சரக்குத் தயாரிப்பே நின்னுபோச்சு. 800-ம் 2014 ஜனவரியில் உற்பத்தியை முடிச்சுக்கிச்சு. ஆனா ஊருக்குள்ளே இன்னும் ஓடுது!

கண்டுபிடிக்கிறது சுலபம். ஏசி பைப்பில் கேஸ் ஏத்துற வாயைப் பாருங்க. திருகு மரை இருந்தா ஆர்-12 காலத்து சிஸ்டம். சட்டுனு மாட்டுற வழவழ வாய், அதுவும் ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசுன்னு இருந்தா ஆர்-134ஏ. மாத்தி அடிச்சிடக் கூடாதுன்னுதான் வாயையே வேற வேறயா வெச்சிருக்காங்க. பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் கிழியாம இருந்தா கேஸ் பேரும் கிராம் கணக்கும் அதிலேயே இருக்கும்.

ஆர்-12 வண்டியில் அப்படியே 134ஏ-வை ஏத்தினா என்னாகும்? கேஸ் சுத்தும், ஆயில் சுத்தாது. பழைய மினரல் ஆயில் புது கேஸோடு கலக்காது, கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. அதனால பழைய ஆயிலை முடிஞ்ச மட்டும் வடிச்சுட்டு எஸ்டர் ஆயில் ஊத்தணும். டிரையர் புதுசு, ஓ-ரிங் எல்லாம் புதுசு. கேஸும் பழைய அளவில் 80, 90 சதவிகிதம் போதும். ‘கூட அடிச்சா கூட குளிரும்’ என்பது பச்சைப் பொய். டிரையர் தலையில் இருக்கிற கண்ணாடியில் நுரை மறையுற வரைக்கும் அடிக்கிறது ஆர்-12 காலத்துப் பழக்கம். 134ஏ-க்கு அந்தக் கண்ணாடி ஜோசியம் சரிப்படாது. எடை பார்த்துதான் ஏத்தணும்.

இன்னொரு ஜோசியம், “கேஜில் பிரஷர் காட்டுது, கேஸ் இருக்கு.” 35 டிகிரி வெயிலில் வண்டி ஆஃபில் நிக்கும்போது 134ஏ சிஸ்டத்தில் கேஜ் கிட்டத்தட்ட 115 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதேதான், 100 கிராம் இருந்தாலும் அதேதான். ஒரு துளி திரவம் இருக்கிற வரை பிரஷரைத் தீர்மானிக்கிறது வெப்பநிலை, அளவு இல்லை. தெர்மோடைனமிக்ஸ் வாத்தியார் சொன்னப்போ தூங்கினவங்க இப்ப முழிச்சுக்கோங்க. வண்டியை ஓடவிட்டு ரெண்டு பக்க கேஜையும் சேர்த்துப் பார்த்தாதான் சேதி தெரியும்.

ஓட்டையை எப்படித் தேடுறது? நம்ம கரிசல் புழுதி இதில் உதவிக்கு வருது! கேஸ் கசியுற இடத்தில் ஆயிலும் கசியும். ஆயிலில் புழுதி ஒட்டும். பைப் ஜாயின்ட்டில், கண்டென்ஸர் மூலையில், கம்ப்ரஸர் மூக்கில் கறுப்பா பிசுபிசுன்னு இருந்தா, திருடன் அங்கேதான். கண்ணுக்குத் தெரியலைன்னா நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை தடவணும். நைட்ரஜன் மட்டும்தான். வெல்டிங் பட்டறையில் பக்கத்துலேயே நிக்குதேன்னு ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினா, ஆயிலும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்து வெடிக்கும். அடைச்ச பிறகு வாக்குவம் பம்ப் குறைஞ்சது அரை மணி நேரம் ஓடணும். உள்ளே ஈரம் இருந்தா எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து ஆசிடாகவும் மாறும். “வாக்குவம் எல்லாம் எதுக்கு தம்பி”ங்கிற கடையில் இருந்து வண்டியைத் திருப்பிடுங்க.

இனிமேதான் சீரியஸ் மேட்டர். ஆர்-12 கிடைக்காத வண்டிகளுக்கு ‘மாத்து கேஸ்’னு புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலவையும் உலகச் சந்தையில் உண்டு. நம்ம எல்பிஜிக்கு சொந்தக்காரன். ஆயில் மாத்த வேண்டாம், குளிரும் பிரமாதம். அது பொய்யில்லை, உண்மையிலேயே நல்லா குளிரும். “வீட்டு ஃப்ரிட்ஜில் ஐசோபியூட்டேன்தானே இருக்கு?”ன்னு கேட்பாங்க. சரிதான். அங்கே இருக்கிறது சில பத்து கிராம், அதுக்குன்னே டிசைன் பண்ணி சீல் வெச்ச டப்பா. காரில் கண்டென்ஸர் பம்பருக்குப் பின்னாலேயே நிக்குது, முன்னாடி இடிச்சா முதல் அடி அதுக்குத்தான். எவாப்பரேட்டர் ஓட்டையானா கேஸ் நேரா கேபினுக்குள் வரும். கண்ணாடி எல்லாம் ஏத்தியிருக்கும். ப்ளோயர் மோட்டார், ஸ்விட்ச், சிகரெட் லைட்டர்னு பொறிக்கும் பஞ்சமில்லை. அமெரிக்காவில் ஆர்-12 கார்களில் இதை நிரப்பக் கூடாதுன்னு சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ தடையே போட்டிருக்கு.

2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் இருபது பேருக்கு மேல் போனாங்க. பொறின்னா என்னன்னு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆலைக்குள்ளே அத்தனை கெடுபிடி வேணும்னு கேட்கிற நாம, தீபாவளிச் சரக்குப் பெட்டியைப் பின்சீட்டில் வெச்சுக்கிட்டு, எரியுற கேஸை டாஷ்போர்டில் சுமந்துக்கிட்டு போறது என்ன நியாயம்? அதனால கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி சிலிண்டரில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. கேட்டா அண்ணாச்சி கோவிச்சுக்குவாரேன்னு கூச்சப்படாதீங்க.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அளவா வெச்சுக்கணும். 800-க்கு 796 சிசி இன்ஜின், பெரும்பாலான வண்டிகளில் நாற்பது குதிரைசக்திகூட முழுசா கிடையாது. கம்ப்ரஸர் அதில் பங்கு கேட்குது. டிராஃபிக்கில் நிக்கும்போது குளிர் குறையறது, ஏசி போட்டதும் இன்ஜின் ஆஃப் ஆகறது எல்லாம் எப்பவும் கேஸ் கோளாறு இல்லை. கண்டென்ஸர் ஃபேன் சுத்துதா, ஐடிலிங்கை ஏத்துற வால்வு வேலை செய்யுதான்னு பாருங்க. கண்டென்ஸர் இடுக்கில் அடைஞ்ச மண்ணைத் தண்ணி விட்டு மெதுவா கழுவினாலே பாதி வண்டி குணமாயிடும். பிரஷர் வாஷ் வேண்டாம், இதழ் மடங்கிடும்.

ஐப்பசி மழையில் ஏசி எதுக்குன்னு நாலு மாசம் ஸ்விட்சையே தொடாம விட்டுடாதீங்க. வாரத்துக்கு ஒருநாள் பத்து நிமிஷம் ஓடினா ஆயில் சுத்தி கம்ப்ரஸர் சீல் காயாம இருக்கும். புது ஓட்டை விழறது பெரும்பாலும் அந்தக் காய்ஞ்ச சீலில்தான்.