விற்றமின் டி: நாளாந்தத் தேவையும் வயதும்

விற்றமின்கள் ஏ, டி, ஈ, கே என்பன கொழுப்பிற் கரைவன. இவற்றுள் விற்றமின் டி சிறப்பானது. ஏனெனில் உணவிலிருந்து பெறப்படுவதோடு, சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் படும்போது தோலிலும் அது உற்பத்தியாகின்றது. பின்னர் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து தொழிற்படு வடிவத்தைப் பெறுகின்றது.

1. தொழிலும் குறைபாடும்

சிறுகுடலில் கல்சியம், பொசுபரசு ஆகியன அகத்துறிஞ்சப்படுவதற்கு விற்றமின் டி அவசியமாகும். இது குறைந்தால் சிறுவர்களில் என்புகள் மென்மையடைந்து கால்கள் வளையும் (றிக்கற்ஸ்). வளர்ந்தோரிலும் என்புகள் மென்மையடைந்து வலியை உண்டாக்கும். கொழுப்பு மிகுந்த மீன்கள், மீனெண்ணெய், முட்டை மஞ்சட்கரு என்பன உணவு மூலங்களாகும்.

2. அலகுகள்

மைக்கிரோகிராம், சர்வதேச அலகு (ச.அ.) என இரு அலகுகள் பயன்படுகின்றன.
1 மைக்கிரோகிராம் = 40 ச.அ.

3. விதந்துரைக்கப்பட்ட நாளாந்த அளவு (மைக்கிரோகிராம்)

ஐக்கிய அமெரிக்கா, கனடா (2010):
1 வயதுக்குக் கீழ் – 10
1 – 70 வயது – 15
70 வயதுக்கு மேல் – 20

ஐக்கிய இராச்சியம் (2016):
1 வயதுக்குக் கீழ் – 8.5 முதல் 10 வரை
1 வயதும் அதற்கு மேலும் – 10

ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து (2012):
1 வயதுக்குக் கீழ் – 10
1 வயதும் அதற்கு மேலும் – 20

4. அளவுகள் வேறுபடுவது ஏன்?

இவ்வளவுகள் யாவும் சூரிய ஒளி போதியளவு கிடைக்காத நிலையைக் கருதியே கணிக்கப்பட்டவை. எனவே வேறுபாட்டிற்கு வெயில் மட்டும் காரணமன்று. குருதியில் பேணவேண்டிய மட்டத்தை ஐக்கிய இராச்சியம் லீற்றருக்கு 25 நனோமூல் எனக் கொண்டது. ஏனையவை 50 நனோமூல் எனக் கொண்டன. இலக்கு உயர, தேவையும் உயரும். ஒரே இலக்கை அடையத் தேவையான உள்ளெடுப்பைக் கணிப்பதிலும் வேறுபாடுகள் உண்டு.

முதுமையில் தோலின் உற்பத்தித் திறன் குறைகின்றது. எனினும் மேற்கூறிய அளவுகளுள் ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகியவற்றின் அளவு மட்டுமே 70 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கூடுதலாக உள்ளது.

5. வெயிலுள்ள நாட்டிலும் குறைபாடு

இலங்கை போன்ற நாடுகளில் ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. எனினும் பகல் முழுவதும் கட்டடத்தினுள் இருப்போருக்கும், உடலை முற்றாக மூடி ஆடை அணிவோருக்கும் குறைபாடு ஏற்படலாம். கருமையான தோலிலுள்ள மெலனின் கழியூதாக் கதிர்களை உறிஞ்சுவதால் உற்பத்திக்குக் கூடிய நேரம் தேவை. யன்னற் கண்ணாடியினூடாக வரும் வெயிலாற் பயனில்லை; உற்பத்திக்குரிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

6. மிகையும் தீங்கே

நீரிற் கரையும் விற்றமின்களைப் போல இதன் மிகை சிறுநீருடன் எளிதில் வெளியேறாது, உடலிற் சேமிக்கப்படும். மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டால் குருதியிற் கல்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிப்படையலாம். வெயிலால் இந்நிலை ஏற்படாது. ஐக்கிய அமெரிக்காவின் நாளாந்த மேலெல்லை 9 வயதிலிருந்து 100 மைக்கிரோகிராம்; 6 மாதம் வரையான குழந்தைக்கு 25 மட்டுமே.

மாதிரி வினா

ஒரு மாத்திரையில் 1000 ச.அ. விற்றமின் டி உள்ளது. ஐக்கிய அமெரிக்க அளவுகளின்படி இது (அ) 16 வயது மாணவருக்கு (ஆ) 5 மாதக் குழந்தைக்குப் பொருத்தமானதா?

விடை: 1000 ÷ 40 = 25 மைக்கிரோகிராம்.
(அ) விதந்துரைத்த 15 ஐ விடக் கூடியது. எனினும் மேலெல்லையான 100 இற்குக் குறைவு.
(ஆ) குழந்தைக்குப் போதியது 10. இம்மாத்திரை மேலெல்லையையே எட்டுகின்றது, எனவே பொருத்தமற்றது. வளர்ந்தோரின் மாத்திரையை வைத்திய ஆலோசனையின்றிக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது.