ஊர்ப்பக்கம் ஒரு வீடு – 14: கடைசி ஒன்பது அடி

போன வாரம் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வாரிசுச் சான்று என்று காகிதங்களோடு மல்லுக்கட்டினோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், இங்கே இடமில்லை. இந்த வாரம் ஒரு பொறியாளரை அழைத்துப்போய், வாங்கப்போகிற வீட்டின் சுவர், தளம், உத்தரம், கரையான் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அழைத்தும் போனேன். அவர் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் ஏறுவதற்கு முன்பே கேட்டார்: "எடத்த அளந்தாச்சா தம்பி?"

பத்திரத்தில் அளவு இருக்கிறதே சார், கிழமேல் 30 அடி, தென்வடல் 80 அடி, ஆக 2,400 சதுர அடி என்றேன்.

"அது எழுதுனது. அளந்தது எங்க? அடுத்தவன் எடத்துல நிக்கிற செவுத்துக்கு நான் எதுக்கு விரிசல் பாக்கணும்?"

வீட்டுக்காரப் பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க தாத்தா காலத்துலேருந்து இதான் சார் எல்லை. ஒரு பய கேட்டதில்ல" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒருவரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயமே.

கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கிற ஊர். தெருவைப் பார்த்த வாசல், திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதற்குப் பின்னால் கொல்லை. கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். பத்திரத்தில் நான்கெல்லை சொல்லியிருக்கிற விதம் டெல்டாவில் பிறந்தவர்களுக்கு மனப்பாடம்: தெருவுக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, பொதுச் சந்துக்குக் கிழக்கு, இதற்குள் உள்பட்ட மனையும் கட்டடமும். பெரியவரிடம் நத்தம் பட்டாவும் இருந்தது. அதில் பரப்பு 198 சதுர மீட்டர். பொறியாளர் செல்போனை எடுத்து 10.764-ஆல் பெருக்கிக் காட்டினார். 2,131 சதுர அடி. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் 269 சதுர அடி இடிக்கிறது. பெரியவர் குழிக் கணக்கில்தான் விலை சொல்லியிருந்தார். குழிக்கு 144 சதுர அடி. பதினாறரைக் குழி சொச்சத்துக்கு விலை கேட்டவருக்குப் பட்டாவில் பதினைந்து குழிகூட இல்லை.

காணாமல்போன இடம் எங்கே என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், பக்கத்து வயலைச் செ.மீ. விடாமல் அளந்து வைத்திருக்கிற அரசாங்கம், மனிதர்கள் குடியிருக்கிற இடத்தை ஏன் அப்படியே விட்டுவைத்தது என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்த வாரம் முழுக்கத் தொலைந்தது.

கிராமத்தில் வீடுகள் இருக்கிற பகுதிக்கு நத்தம் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் ரயத்துவாரி முறையில் நிலங்களை அளந்தபோது, தீர்வை கட்டுகிற ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனி சர்வே எண் கொடுத்தார்கள், மூலைக்கு மூலை கல் நட்டார்கள், வரைபடம் போட்டார்கள். நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. ஆகவே ஊர் முழுவதையும் வளைத்து ஒரே எண் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். உள்ளே யார் வீடு எங்கே முடிகிறது என்பது அவர்கள் கவலை அல்ல. சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படித்தான் கிடந்தது. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் வயல்களின் பதிவேடுகளைத்தான் புதுப்பித்தார்கள். நத்தத்துக்குள் வீடு வீடாக அளந்து, முதலில் தோராயப் பட்டாவும் ஆட்சேபணை கேட்ட பிறகு தூய பட்டாவும் கொடுத்ததெல்லாம் அதற்குப் பிந்திய கதை.

வரி இல்லாத இடத்தை அளக்காமல் விடுகிற பழக்கம் வெள்ளைக்காரர்களோடு தொடங்கியிருக்கும் என்று நினைத்துத்தான் தேடினேன். தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ராஜராஜன் தன் 29-ஆம் ஆட்சியாண்டு வரை கொடுத்த ஊர்களின் பட்டியல் கோவிலிலேயே கல்லில் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் கணக்கு ஒரே மாதிரி போகும். மொத்த நிலம் இவ்வளவு. அதில் ஊர்நத்தம், கோவில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகிற வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு எல்லாம் சேர்த்து இறையிலி இவ்வளவு. அதைக் கழித்து, வரி கட்டுகிற நிலம் இவ்வளவு. நத்தம் வெறும் கழித்தல் புள்ளி. அதற்குள் யார் வீடு எத்தனை கோல் என்று ஒரு சொல் கிடையாது. ஆயிரம் வருடமாக ஒரே கதைதான்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. அந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் ஒரு கணக்குச் சொல்கிறார். வரி நிலத்தை ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை நுணுக்கமாகக் கணக்கிட்டிருக்கிறார்களாம். ஐயாயிரத்து இருநூறு கோடிக்கு மேல்! இன்றைய டெல்டா வேலி 2,000 குழி, சுமார் 6.6 ஏக்கர். அதை அத்தனை பங்காக நறுக்கினால் ஒரு பங்கு ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னது. எந்தக் கோலை வைத்து இதை அளந்திருக்க முடியும்?

எந்தக் கோலாலும் முடியாது, யாரும் அளக்கவும் இல்லை. நான்கு 320-களை ஒன்றோடு ஒன்று பெருக்கி, வருவதை 5-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்த எண் அப்படியே வரும். முந்திரி என்றால் 320-இல் ஒன்று. கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒன்று. நம் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளியில் கத்திக் கத்தி மனப்பாடம் செய்த அதே கீழ்வாய் இலக்கம். கோலை வைத்து அளந்தவர் வயலில் தன் வேலையை முடித்துவிட்டார். ஓலையில் கணக்குப் போட்டவர்தான் மீதி வராமல் வகுத்துக்கொண்டே போயிருக்கிறார். உலகமே வியக்கும் சோழர் நில அளவை என்று இந்த எண்ணைப் போட்டுப் பரப்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எனக்கென்னவோ அளந்தவரைவிட அந்தக் கணக்கர்மீதுதான் மரியாதை கூடியது. வரி என்றால் கடுகைக்கூட விடமாட்டார், வீடு என்றால் ஊரையே ஒரு சொல்லில் கழித்துவிடுவார்.

பெரிய கோவில் என்றதும் இன்னொரு கதையும் வந்து ஒட்டிக்கொள்கிறது. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினாரே வில்லியம் லாம்ப்டன், அவர் 1808-இல் தஞ்சாவூருக்கு வந்தார். டெல்டாவில் ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடையாது. பார்க்கிற பக்கமெல்லாம் தென்னை. ஆகவே கோவில் கோபுரங்களையே குன்றாக்கிக்கொண்டார். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோவில் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நசுங்கிவிட்டது. மனிதர் ஊருக்குத் திரும்பவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே தட்டிச் சரிசெய்து அளவையைத் தொடர்ந்தார். கடுகுக் கணக்கு வெட்டிய அதே கோவிலில், பூமியின் வளைவை அளக்க வந்த கருவி அடிபட்டிருக்கிறது. இதற்கும் நாம் வாங்கப்போகிற வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று ஆசிரியர் கேட்பார். எதுவும் இல்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, கொல்லைக்கு வருவோம். பொறியாளர் டேப்பை விரித்தார். பெரியவரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தெருப் பக்கம் சரியாக 30 அடி. வாசலில் இருந்து கொல்லை மதில் வரை சரியாக 80 அடி. பத்திரம் சொல்வது தரையில் அப்படியே இருக்கிறது. பெரியவருக்கு முகம் மலர்ந்தது. பொறியாளர் பேசாமல் நத்தம் வரைபட நகலை விரித்தார். அதில் தென்வடல் 71 அடிக்கு அருகில் முடிகிறது. 30 அடி அகலத்தில் 9 அடி, 270 சதுர அடி. காணாமல்போன இடம் அதுதான். அது வேறெங்கும் போகவில்லை, மதிலுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அது வாய்க்கால் புறம்போக்கு. வாய்க்கால் சுருங்கச் சுருங்க மதில் அதன் பின்னாலேயே நகர்ந்து போயிருக்கிறது. ஏதோ ஒரு தலைமுறையில் பத்திரம் எழுதியவர் மதில் வரை அளந்து 80 என்று போட்டிருக்கிறார். அதற்குப் பிந்திய பத்திரங்கள் எல்லாம் அந்த 80-ஐ நகல் எடுத்திருக்கின்றன.

அந்த ஒன்பது அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? கழிவறை, அதன் தொட்டி, ஆழ்துளைக் கிணறு. வீட்டை வாழ்கிற வீடாக்குகிற மூன்றும் அரசாங்கத்தின் இடத்தில்.

நீர்நிலைப் புறம்போக்கை எத்தனை தலைமுறை அனுபவித்தாலும் பட்டா கேட்டு வாங்கிவிடலாம் என்று நம்பாதீர்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நீதிமன்றங்களும் வாய்க்கால், குளம் விஷயத்தில் இப்போது இளகுவதில்லை. வில்லங்கச் சான்றில் இதெல்லாம் தெரியாது. அது பதிவான பத்திரங்களின் பட்டியல், தரையைப் பார்க்காது. பதிவு அலுவலகத்திலிருந்தும் எல்லையை அளக்க யாரும் கிளம்பி வரப்போவதில்லை.

ஆக, என்ன செய்ய வேண்டும்? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் வேண்டும். முதலாவது, டோட்டல் ஸ்டேஷன் வைத்திருக்கிற தனியார் அளவரை அழைத்துத் தரையில் இருப்பதை வரைந்து வாங்குவது. சுவர், சந்து, கிணறு, மரம், ஓட்டுச் சரிவின் நீர் விழுகிற இடம் எல்லாம் அதில் வர வேண்டும். ஓட்டு வீட்டில் இந்தக் கடைசி விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். தாழ்வாரம் ஒன்றரை அடி சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சந்து பொதுவா, பக்கத்து வீட்டுக்காரருடையதா என்பது தெரியாமல் நீங்கள் தளம் போடத் தொடங்கினால், அன்றைக்குத்தான் அவருக்கும் தன் பத்திரம் நினைவுக்கு வரும்.

ஆனால் தனியார் போட்ட கோடு எல்லையாகாது. எல்லையைச் சட்டப்படி காட்ட வேண்டியது நில அளவைத் துறை. இரண்டாவது வழி, அத்துக் காட்டச் சொல்லி அந்தத் துறைக்கு மனுப் போடுவது. பக்கத்து மனைக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். குறுவட்ட அளவர் வந்து அளந்து காட்டுவார். மனுவைப் பட்டாதாரர்தான் போட முடியும், வாங்கப்போகிறவர் போட முடியாது. ஆகவே விற்பவரையே போடச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். இந்த இடத்தில் விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு தகவல். அளக்கிற அன்றைக்கு நீங்களும் போய் நில்லுங்கள், வேலையிருக்கிறது என்று மைத்துனரை அனுப்பாதீர்கள். அக்கம்பக்கத்தார் பேசுகிற பேச்சில் எந்தப் பத்திரத்திலும் இல்லாத சங்கதிகள் வெளியே வரும். கிரய உடன்படிக்கையில், அளந்து வருகிற பரப்புக்கே விலை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தைக் கிரயப் பத்திரத்தோடு இணையுங்கள். உங்கள் பேரன் விற்கும்போதாவது நகல் எடுக்க ஒரு நல்ல அளவு இருக்கட்டும்.

பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். கொஞ்ச நேரம் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஒம்போதடிக்கு வெல வேணாம் தம்பி, நீங்களே அனுபவிச்சுக்கங்க" என்றார். பெருந்தன்மைதான். பொறியாளர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். விலையைக் குறைத்தால் மட்டும் போதாது. கழிவறையையும் போர்வெல்லையும் 71 அடிக்குள் கொண்டுவர என்ன செலவாகும், முற்றத்துக்கும் கூடத்துக்கும் இடையில் அதற்கு இடம் இருக்கிறதா, பழைய சுவர் அந்தத் தோண்டலைத் தாங்குமா என்று பார்க்காமல் வாயைத் திறக்காதே என்று அர்த்தம். சுவரைப் பார்க்க இப்படித்தான் காரணம் கிடைத்தது. அவர் சுத்தியலால் தட்டத் தொடங்கியபோது எனக்குப் பக்கம் முடிந்துவிட்டது.

எனவே சுண்ணாம்புச் சுவர், கட்டுக்குத்துத் தளம், உத்தரத்தில் கரையான் எல்லாம் அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஊரில் இருக்கிற உங்கள் வீட்டின் நத்தம் பட்டாவைத் தேடி எடுத்து, சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கி, பத்திரத்தில் இருக்கிற சதுர அடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடித்தால் எனக்கு எழுதுங்கள். சந்தில் இடிக்கிறதா, கொல்லையில் இடிக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.