மண்டலமும் வாசற் கோலமும்

நடுவே ஒரு புள்ளி. அதனைச் சூழ்ந்து சமச்சீராய் விரியும் உருவங்கள். புறத்தே ஓர் எல்லை. இவ்வாறமைந்த சித்திரத்தை மண்டலம் என்பர். வழிபாட்டிற்குரிய இவ்வடிவம் இன்று உளநோய் தணிக்கும் ஓவியச் சிகிச்சையிலும் இடம்பெறுகின்றது. அதன் காரணத்தை ஈண்டு நோக்குவோம்.

சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் கார்ல் யுங் 1916இல் தம் முதல் மண்டலத்தை வரைந்தார். 1918, 1919ஆம் ஆண்டுகளில், அந்நியப் போர்வீரர் தங்கவைக்கப்பட்டிருந்த முகாமிற் கடமையாற்றியபோது, காலைதோறும் சிறு வட்டச் சித்திரமொன்றை வரைந்து, தம் மனநிலை மாறுவதை அதிற் கண்டார். மாந்தர் அனைவர்க்கும் பொதுவான மூலப்படிமங்கள் நனவிலி மனத்தில் உறைகின்றன என்பதும், சிதறிய மனம் தன்னை ஒருங்குசேர்க்க முயல்வதன் குறியே மண்டலம் என்பதும் அவர் துணிபு.

இத்துணிபு அளந்து நிறுவப்பட்டதன்று. 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் கல்லூரி மாணவர் 84 பேர் பங்குபற்றினர். மண்டலத்துக்கு வண்ணந்தீட்டியோர்க்குப் பதற்றம் தணிந்தது. கட்டங்கட்டமான கோட்டுருவத்துக்குத் தீட்டியோர்க்கும் தணிந்தது. வெற்றுத்தாளில் விரும்பியவாறு தீட்டியோர்க்கோ அவ்வாறு தணியவில்லை. எனவே, பயன் தந்தது வட்டம் மட்டுமன்று. மனம் பற்றிக்கொள்ள ஓர் ஒழுங்கு இருந்ததுமாகும்.

அவ்வொழுங்கை நம் தாய்மார் அறிவர். மார்கழிப் பனியில் லயத்து வாசலைத் தெளித்துப் புள்ளி வைப்பவள் யுங்கின் பெயரைக் கேட்டவளல்லள். ஆயினும் சிக்குக் கோலத்தில் அவள் இழுக்கும் இழை, புள்ளிகளைச் சுற்றிவளைந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து கூடுகின்றது. கோலம் மங்கலத்தின் பொருட்டு இடப்படுவது, சிகிச்சையன்று. எனினும் புள்ளி கைக்கு வழிகாட்ட, கை மனத்தை நிலைநிறுத்துகின்றது.

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய சிறுவருள் பெற்றோரை இழந்தோரும் உளர். வாசலையே இழந்த பிள்ளை எங்கே கோலமிடும்? சொல் எழாத அத்துயருக்கு ஒரு தாளும் சில புள்ளிகளும் வாசலாகலாம். போரினால் வாடிய சிறுவர்க்கு மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, ஓவியத்தையும் களிமண்ணையும் கதையையும் இவ்வாறே துணைக்கொண்டது.

ஆசிரியராகிய நமக்கு இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கறுப்பு துயரம், சிவப்புச் சினம் எனப் பட்டியல் வைத்துப் பிள்ளையின் மனத்தை அளத்தல் தவறு. ஒருமுறை என் வகுப்பு மாணவியொருத்தி தாள் முழுதும் கறுப்புத் தீட்டியிருந்தாள். துயரமென்று எண்ணி அருகிருந்து வினவினேன். “மற்ற வண்ணமெல்லாம் தீர்ந்துவிட்டது, சேர்” என்றாள். வரைந்தவரே அதன் பொருளை உரைக்கவேண்டும். நாம் கேட்டிருத்தலே முறை. அச்சமும் உறக்கமின்மையும் நீடிப்பின் மருத்துவரை நாடுதல் கடன். புள்ளி வைப்பது நம் பணி. இழையை இழுக்கவேண்டியது பிள்ளையின் கையே.