இரண்டு ரூபாய் மீதி

கார்த்திகை தீபத்திற்காகத் திருவண்ணாமலை செல்லும் ரயிலில் ஓர் அதிசயத்தைக் காணலாம். டிக்கெட் பரிசோதகர் தலை தெரிந்ததும் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நாலு வயதாகி விடுகிறது! ஐந்து நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் அல்லவா? "நாலு என்று சொல்லடா" என்று காதில் ஓதும் தாயார்தான், பொய் சொன்னதற்காக நேற்று அதே பிள்ளையின் முதுகில் அறைந்தவள்.

அதே ஊரை நாடி 1896-ல் ரயிலேறிய பதினாறு வயதுப் பையன் ஒருவனின் கணக்கைப் பாருங்கள். மதுரையில், இலக்கணப் பாடத்தை மூன்று தரம் எழுதும் தண்டனை அவனுக்கு. எழுதாமல் கண்மூடி உட்கார்ந்ததற்காகத் தமையனார் கடிந்துகொண்டார். பள்ளியில் வகுப்பு இருப்பதாகச் சொல்லிக் கிளம்பியவனிடம், தம் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரயாணத்துக்குப் போதுமென்று தோன்றிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். சம்பளம் கட்டவில்லை என்று ஒரு சீட்டில் எழுதி, மீதி இரண்டை அதனுடன் வைத்துச் சென்றான். அவரையே பின்னர் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது. வகுப்பென்று சொன்னதையும் மூன்று ரூபாய் எடுத்ததையும் பற்றி வாதாடலாம். காசுக் கணக்கில் ஒளிவு இல்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அடி பயத்தைக் கற்பிக்கும். கூடவே அகப்படாமல் தப்பும் சாமர்த்தியத்தையும் கற்பிக்கும். லஞ்சத்தை அடக்கச் சட்டத்துக்குக் குறைவில்லை. கே. சந்தானம் தலைமையிலான குழுவின் சிபாரிசுப்படி 1964-ல் மத்திய விஜிலன்ஸ் கமிஷன் ஏற்பட்டது. 2018-ல் செய்த திருத்தம், லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. எல்லாம் அகப்பட்டவனுக்குத்தான்!

கடைக்குப் போய் வந்த பிள்ளையிடம் மீதிச் சில்லறைக்குக் கணக்குக் கேட்கும் தகப்பனார்கள் அநேகர். தம் செலவுக் கணக்கைப் பிள்ளையின் எதிரில் படித்துக் காட்டுகிறவர் எத்தனை பேர்?