பிரஷர் குக்கரில் காய்கறி சூப்

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்வெட்டு முடித்து வீடு திரும்பும் தாய்மார்கள் அடுப்படியில் நெடுநேரம் நிற்க இயலாது. அவர்களுக்குப் பிரஷர் குக்கர் நல்லதொரு துணையாகும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. குக்கரிலோ நீராவி அடைபட்டு அழுத்தம் மிகுவதால் வெப்பம் ஏறத்தாழ 120 பாகையை எட்டுகிறது. ஆகவே பருப்பும் கிழங்கும் விரைவில் வெந்துவிடுகின்றன.

நால்வர் உள்ள குடும்பத்திற்கு 5 லிட்டர் குக்கர் போதுமானது. அரைக் கோப்பை மைசூர்ப் பருப்பு, நறுக்கிய காரட், உருளைக்கிழங்கு, பரங்கிக்காய், தக்காளி, வெங்காயம், சிறிது இஞ்சி, உப்பு ஆகியவற்றுடன் 5 கோப்பை நீர் சேர்த்து மூடவேண்டும். ஆவி சீராக வந்ததும் எடையைப் பொருத்தி, அழுத்தம் ஏறியபின் தீயைக் குறைத்து 8 நிமிடம் வேகவிடலாம். ஆவி அடங்கித் திறந்தபின் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் மிளகுத்தூளும் இட்டு 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். காய்கறி வெந்த நீரையும் அருந்துவதால் அதில் கரைந்த சத்துகள் வீணாவதில்லை.

பருப்பு நுரைத்து ஆவித்துளையை அடைக்கக்கூடும். எனவே பாதிக்கு மேல் நிரப்பலாகாது. மூடுமுன் துளையின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவி அடங்குமுன் மூடியை வலிந்து திறந்தால் கொதிக்கும் சூப் முகத்தில் பாயும். பிள்ளை பசியால் அழும் அவசரத்தில்தான் இத்தவறு நேர்கிறது. குக்கர் நமக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தில் பத்து நிமிடத்தை அது அடங்குவதற்கு விட்டுக்கொடுப்போம்.