லாரிக்கு நாடு பூரா ஒரே பெர்மிட்! மினி பஸ்சுக்கு மட்டும் ஊர் எல்லையில் தடையா?

சேலம்,

காலை நேரம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு கண்டக்டர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சுற்றிலும் கூட்டம். ஆபீசுக்குப் போக வேண்டிய குமாஸ்தாக்கள் பஸ்சுக்குள் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். போலீஸ்காரர் ஓடி வருகிறார்.

என்ன சண்டை? பணத் தகராறா? குடும்பப் பகையா? ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷம்!

முன்னால் நின்ற பஸ் தன் நேரத்தைத் தாண்டி இரண்டு நிமிஷம் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்சுக்கு ஏற வேண்டிய ஆட்கள் முன்னால் ஏறிவிட்டார்கள். "என் டைமில் நீ ஏன்யா ஆள் ஏத்தினே?" என்று ஆரம்பித்தது கைகலப்பில் முடிந்தது.

சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் தனியார் பஸ்களுக்குள் நடக்கும் இந்த 'டைமிங்' தகராறு போலீஸ் நிலையங்களுக்குப் புதிது அல்ல. கண்டக்டரைக் கூப்பிட்டு எச்சரிப்பார்கள். மிஞ்சினால் கேஸ். ஆனால் தகராறின் வேர் பஸ் ஸ்டாண்டில் இல்லை. பெர்மிட் காகிதத்தில் இருக்கிறது.

பஸ் எந்த ஊரில் கிளம்பி எந்த ஊரில் முடிய வேண்டும்? எந்த ரோட்டில் போக வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை நடை? எத்தனை மணி, எத்தனை நிமிஷத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும்? எல்லாம் அந்தக் காகிதத்தில் கட்டிவைத்த கணக்கு. டிக்கெட் எவ்வளவு என்பதையும் அரசாங்கம் தனியாக நிர்ணயம் செய்கிறது. முதலாளி தன் இஷ்டத்துக்குச் செய்யக் கூடியது, பஸ்சுக்குப் பெயர் வைப்பதும் பாட்டுப் போடுவதும்தான்.

இதனால்தான் பஸ்சை விற்கும்போது வண்டிக்கு ஒரு விலை, பெர்மிட்டுக்கு ஒரு விலை என்று பேசுகிறார்கள். ஓடி ஓடித் தேய்ந்த வண்டிக்கு மதிப்பு இல்லை. ஓடலாம் என்று சொல்கிற காகிதத்துக்கு மதிப்பு!

ரெயிலைக் காப்பாற்ற வந்த சட்டம்

இந்தக் காகிதம் எப்போது வந்தது? வெள்ளைக்காரன் காலத்தில்.

1930-களில் ஊருக்கு ஊர் மோட்டார் பஸ்சும் லாரியும் கிளம்பின. ரெயிலில் போன கூட்டமும் சரக்கும் ரோட்டுக்கு வந்தன. ரெயில்வேயில் போட்ட பணம் போய்விடுமே என்று அரசாங்கம் கவலைப்பட்டது. கமிட்டிகள் போட்டார்கள். கடைசியில் 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பயணிகள் பாதுகாப்பு என்ற பேச்சும் அதில் இருந்தது. ஆனால் ரெயிலுக்குப் போட்டியை மட்டுப்படுத்துவது பெரிய நோக்கம். பெர்மிட் முறை அந்தச் சட்டத்தில்தான் இறுகியது.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரன் போனான். பெர்மிட் போகவில்லை.

யாருக்குப் பெர்மிட் கொடுப்பது என்பதே பெரிய பரீட்சை ஆனது. 1956-ல் சென்னை அரசு மார்க் முறை கொண்டுவந்தது. ஒர்க்ஷாப் இருக்கிறதா, ரூட்டில் வீடு இருக்கிறதா, முன் அனுபவம் உண்டா என்று மார்க் போடுவார்கள். பள்ளிக்கூடப் பையனுக்குப் போடுவது மாதிரி! சென்னை-கிருஷ்ணகிரி ரூட் தகராறு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கிருஷ்ணகிரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. பெர்மிட் அதிகாரிகள் கோர்ட்டு மாதிரி விசாரித்து முடிவு செய்ய வேண்டியவர்கள், அவர்களுக்கு இப்படித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவு போட முடியாது என்று 1964-ல் தீர்ப்பு வந்தது. மார்க் முறை செத்தது. பெர்மிட் முறை பிழைத்துக்கொண்டது.

பிறகு 1972-ல் பெரிய பஸ் கம்பெனிகள் அரசுடைமை ஆயின. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், மதுரையில் பாண்டியன் என்று கழகங்கள் பிறந்தன. சேலத்துக்கு 1973-ல் அண்ணா போக்குவரத்துக் கழகம். சின்ன முதலாளிகள் தப்பினார்கள். அந்தத் தனியார் பஸ்கள்தான் இந்தப் பக்கம் அரசு பஸ்சோடு போட்டி போட்டு ஓடுகின்றன.

லாரிக்கு விடிந்தது

பஸ்சுக்கு நடந்தது இது. இதே மண்ணில் லாரிக்கு என்ன நடந்தது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மாட்டைப் பிடித்த கை ஸ்டியரிங்கைப் பிடித்தது. கிளீனராகப் போனவன் டிரைவர் ஆனான். டிரைவர் கடன் வாங்கி ஒரு லாரிக்கு ஓனர் ஆனான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடாத மாநிலம் குறைவு. கேஸ் டேங்கர் லாரிக்கும் நாமக்கல்தான் தலைநகரம்.

இத்தனையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் மாநிலத்தைத் தாண்ட வேண்டும் என்றால் பக்கத்து மாநிலத்தின் கையெழுத்தும் பெர்மிட்டில் வேண்டும். 1975-ல் நேஷனல் பெர்மிட் திட்டம் வந்தது. அதிலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனைதான் என்று கோட்டா. 1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. கேட்டவருக்குப் பெர்மிட் கொடுப்பதே பொது விதி என்று ஆனது.

அப்போதும் ஒரு முள் இருந்தது. நேஷனல் பெர்மிட் லாரி எந்தெந்த மாநிலத்துக்குப் போகிறதோ அந்தந்த மாநிலத்துக்குத் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 5 ஆயிரம் ரூபாய். பேங்கில் டிராப்ட் எடுத்துக் கட்ட வேண்டும். பத்து மாநிலம் என்றால் பத்து டிராப்ட். திடீர் என்று வேறு மாநிலத்துக்கு லோடு கிடைத்தால் 'பேப்பர் இல்லை' என்று விட்டுவிட வேண்டியதுதான். ரிட்டர்ன் லோடு இல்லாமல் காலி வண்டியாக வர வேண்டும். அந்த டீசல் காசும் போகிற லோடின் வாடகையில்தான் ஏறும்.

2010 மே மாதம் இது மாறியது. மொத்தமாக 15 ஆயிரம் ரூபாய் கட்டினால் நாடு முழுக்க ஓடலாம் என்றார்கள். பின்னர் அது 16 ஆயிரத்து 500 ஆனது. மூன்று மாநிலத்துக்கு ஆன பணத்தில் இந்தியா பூரா!

வாளையாறு வரிசை

அடுத்தது செக்போஸ்ட். வாளையாறு என்றால் லாரி டிரைவருக்குத் தூக்கம் போகும் இடம். கோவை தாண்டி கேரள எல்லை. விற்பனை வரி செக்போஸ்டில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். கிலோ மீட்டர் கணக்கில் வரிசை. நாமக்கல் முட்டையும் கோழியும் கேரளாவுக்குப் போகிற பாதை அது. வெயிலில் நிற்கும் கோழி லாரியில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை. சீக்கிரம் போக வேண்டும் என்றால் 'கவனிக்க' வேண்டும். எல்லையில் மாமூல் இல்லாமல் பேப்பர் நகராது என்பது டிரைவர்கள் காலம் காலமாகச் சொன்ன புகார்.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. சில நாட்களுக்குள் 22 மாநிலங்களில் வரி செக்போஸ்ட் எடுக்கப்பட்டது. வாளையாறு வரிசை கரைந்தது. மும்பையில் லாரியை நிறுத்தி வசூலித்த ஆக்ட்ராய் வரியும் அதே ஆண்டில் போனது. பதிலுக்கு 2018-ல் இ-வே பில் வந்தது. அதிலும் சிக்கல் உண்டு. ஆனாலும் ஆபீசில் உட்கார்ந்து எடுக்கும் பில் வேறு, ரோட்டில் நின்று தூங்குவது வேறு.

கோழிக்குப் பறவைக் காய்ச்சல் இருக்கிறதா என்று எல்லையில் பார்ப்பது வேறு சங்கதி. அது வேண்டும்.

லாரிக்காரர்கள் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் பத்து சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னில் இருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. ஒரு லாரியில் அதிகம் ஏறினால் லாரிகள் குறைவாகப் போதும். வாடகை இறங்கும். ஓனருக்கு வயிற்றெரிச்சல்தான். அதே மாதம் 20-ந் தேதி முதல் 8 நாள் நாடு முழுக்க லாரி ஸ்டிரைக்கும் நடந்தது. அப்போது கேட்டது டோல்கேட் கட்டணம், இன்சூரன்ஸ், டீசல் விலை பற்றி. பெர்மிட் கிடைக்கவில்லை என்று ஸ்டிரைக் செய்யும் காலம் மலையேறிவிட்டது.

அமெரிக்கக் கோழி வழக்கு

கோழிக்கும் பெர்மிட்டுக்கும் உள்ள சம்பந்தம் நாமக்கல்லோடு முடியவில்லை.

அமெரிக்காவிலும் 1935-ல் இருந்து லாரிக்கு இந்தச் சரக்கு, இந்த ரூட், இந்த வாடகை என்று கட்டுப்பாடு இருந்தது. விளைபொருளுக்கு மட்டும் விலக்கு. உயிரோடு இருக்கும் கோழி விளைபொருள். சரி, உரித்த கோழி? அது தொழிற்சாலைப் பொருளா, விளைபொருளா? வழக்கு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. உரித்தாலும் கோழி கோழிதான், பெர்மிட் வேண்டாம் என்று 1956-ல் தீர்ப்பு. அதன் பிறகு உரித்த கோழிக்கு லாரி வாடகை சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதாக அந்த நாட்டு விவசாய இலாகாவே கணக்கு எடுத்துச் சொன்னது.

கோழியும் அதே. ரோடும் அதே. லாரியும் அதே. காகிதம் மட்டும்தான் இல்லை! 1980-ல் ஜனாதிபதி கார்ட்டர் லாரித் தொழில் முழுவதுக்கும் பிடியைத் தளர்த்தி சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

மினி பஸ் நிற்கும் இடம்

இப்போது மறுபடியும் நம் ஊருக்கு வருவோம்.

பஸ் போகாத கிராமங்களுக்காக 1997-ல் தி.மு.க. அரசு மினி பஸ் திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். தனியார் ஓட்டலாம். ஆனால் விதியைப் பாருங்கள். மொத்த ரூட் 20 கிலோ மீட்டர். அதில் மற்ற பஸ் ஓடும் ரோட்டில் 4 கிலோ மீட்டர்தான் போகலாம்!

கிராமத்தில் ஏறுகிறவர் எங்கே போவார்? டவுனுக்குத்தான் போவார். ஆஸ்பத்திரி, ரேஷன் ஆபீஸ், உழவர் சந்தை, காலேஜ் எல்லாம் அங்கேதான். டவுனுக்குப் போகிற ரோடு மற்ற பஸ் ஓடும் ரோடு. 4 கிலோ மீட்டர் முடிந்தால் முடிந்தது. "எல்லாம் இறங்குங்க." காய்கறிக் கூடையோடு இறங்கி, இன்னொரு பஸ்சுக்குக் கை காட்டி, இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். இப்படி ஓட்டினால் மினி பஸ்சுக்கு என்ன மிஞ்சும்?

2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் வந்தது. ரூட் 25 கிலோ மீட்டர் வரை போகலாம். ஆனால் நூற்றுக்கு 65 பங்கு பஸ் இல்லாத ரோடாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால், முழு 25 கிலோ மீட்டர் ஓடினாலும் பஸ் ஓடும் ரோட்டில் எட்டே முக்கால் கிலோ மீட்டர். நாலில் இருந்து எட்டே முக்காலுக்கு வர 28 வருஷம்!

இந்த வேலி யாரைக் காப்பாற்ற? 1939-ல் ரெயிலைக் காப்பாற்றினார்கள். இப்போது ஏற்கனவே ஓடும் பஸ்சைக் காப்பாற்றுகிறார்கள். அதில் அரசு பஸ்சும் உண்டு, பழைய தனியார் முதலாளியும் உண்டு. புதிய பஸ் வந்தால் பிழைப்புப் போகும் என்று உத்தரப் பிரதேச பஸ் முதலாளிகள் போட்ட வழக்கை 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. போட்டி வருவதைத் தடுக்கும் உரிமை ஏற்கனவே ஓட்டுகிறவருக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அரசு பஸ்சுக்கு என்று திட்டம் போட்டு ஒதுக்கிய ரூட்டில் தனியார் புதிதாக நுழைய சட்டத்தின் 6-வது அத்தியாயம் குறுக்கே நிற்கிறது.

டிக்கெட் விஷயமும் இப்படித்தான். 2017 ஜூன் 16-ந் தேதி முதல் டீசல் விலையைத் தினம் தினம் மாற்றும் முறை வந்தது. தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் 2011 நவம்பரில் ஏறியது. அடுத்து 2018 ஜனவரியில். நடுவில் 6 வருஷம் அசையவில்லை. ஏறியபோது ஒரே அடியாக ஏறியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கொஞ்சம் குறைத்தார்கள். கட்டணத்தை உயர்த்த முடியாத முதலாளி என்ன செய்வார்? ஆள் இல்லாத நடையைக் 'கட்' பண்ணுவார். அது பெரும்பாலும் ராத்திரி கடைசி நடை. கடையைப் பூட்டிவிட்டு வருகிற சிப்பந்தி பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

மலை ஊருக்கு யார் ஓட்டுவது?

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் லாபம் பார்த்து பஸ் விட முடியாது. மாணவர்களுக்கு இலவச பாஸ். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது மாதம் பல நூறு ரூபாய் மிச்சம். தனியாரை அவிழ்த்துவிட்டால் லாப ரூட்டை மட்டும் கொத்திக்கொண்டு போவார்கள், நஷ்ட ரூட் அரசு தலையில் விழும் என்கிறார்கள். தீபாவளிக்கு ஆம்னி பஸ் வாங்கும் கட்டணத்தைப் பார்த்தவர்கள் பயப்படுவதில் தப்பு இல்லை.

ஆனால் பெண்கள் இலவசப் பயணத்துக்கு அரசு கழகத்துக்குப் பணம் ஈடு செய்கிறது. அதையே மலை ரூட்டுக்கும் செய்யலாம். இந்த ரூட்டில் இத்தனை நஷ்டம், இத்தனை பணம் தருகிறோம் என்று வெளிப்படையாகக் கணக்குச் சொல்லலாம். நஷ்ட ரூட்டுக்காக லாப ரூட்டில் போட்டியே கூடாது என்றால், அந்தப் பணத்தை மல்லசமுத்திரத்திலும் வெண்ணந்தூரிலும் பஸ்சுக்குக் காத்து நிற்கிறவர் தன் நேரத்தால் கட்டுகிறார்.

பிரேக் விஷயத்தில் மட்டும் தளர்வு கூடாது. தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். எப்.சி. பார்ப்பதும், டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்று பார்ப்பதும், குடித்தவனை இறக்கிவிடுவதும் அரசின் வேலை. அந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்பது பழைய பாட்டு. எந்த பஸ் எத்தனை நிமிஷம் நிற்கிறது, மினி பஸ் எத்தனை கிலோ மீட்டர் தாண்டியது என்று பார்க்க மட்டும் ஆள் இருக்கிறது.

பஸ் ரூட் பெர்மிட்டை முடிவு செய்வது கலெக்டர் தலைமையில் உள்ள வட்டாரப் போக்குவரத்து ஆணையம். 65 பங்கு விதியை அவரால் மாற்ற முடியாது. அதைக் கோட்டையில்தான் மாற்ற வேண்டும். அதுவரை நாமக்கல் லாரி ஒரே பெர்மிட்டில் அசாம் போய்த் திரும்பும். பக்கத்துக் கிராமத்து மினி பஸ் கிலோ மீட்டர் கணக்கு முடிந்த இடத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்.