பயத்துக்குப் பெயர் என்ன?

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் இரவு. எங்கள் உறவினர் ஒருவருக்கு மறுநாள் காலை வயிற்றில் ரண சிகிச்சை செய்வதென்று ஏற்பாடாகியிருந்தது. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்தார். தூக்கமில்லாமல் தவித்தவர்கள் வீட்டிலிருந்த நாங்கள்தான். உலக வழக்கமே அப்படித்தானே?

அவருடைய மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையல் அறைக்குமாக நடந்து கொண்டிருந்தாள். கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். பெரியவர்களாகிய நாங்கள் எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். "பயப்படாதே, அம்மா! பயப்படாதே!" என்பதுதான் அந்த மருந்து. இதைக் கேட்டுப் பயம் தீர்ந்தவர் யாரையாவது நேயர்கள் கண்டதுண்டா? நான் கண்டதில்லை. நாங்கள் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்துக் கொண்டே வந்தது.

மூலையில் படுத்திருந்த அத்தைப் பாட்டி எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வயது எண்பதுக்கு மேல்.

"இப்படி என் பக்கத்தில் வந்து உட்கார், அம்மா. உனக்கு என்ன பயம் என்று சொல்லு."

"எல்லாந்தான், பாட்டி."

"எல்லாம் என்று ஒரு பயம் கிடையாது. ஒவ்வொன்றாகச் சொல்லு. முதலில் எது?"

அவள் சற்று யோசித்தாள். மயக்க மருந்து கொடுத்த பிறகு அவர் கண் விழிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? இது முதலாவது. கையிலுள்ள பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போதாது. இது இரண்டாவது. பாட்டி இரண்டுக்கும் தலையை அசைத்தாளே தவிர, சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

வெகு நேரம் பதில் வரவில்லை. பிறகு, "மூன்று மாதமாக வலிக்கிறது என்று சொல்லிக் கொண்டிருந்தார், பாட்டி. நான்தான் அஜீர்ணம் என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக் கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

அழுகை அடங்கும் வரையில் பாட்டி காத்திருந்தாள். பிறகு, "இது பயம் இல்லை, அம்மா. இது மன உறுத்தல். இதற்குப் பெயர் வேறு, வைத்தியமும் வேறு" என்றாள்.

அன்றிரவு முதல் தடவையாக அந்தப் பெண் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தாள்.

யந்திரம் சொன்ன சாட்சி

பாட்டி எந்தச் சர்வகலாசாலையிலும் மனோதத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் அவள் செய்த காரியத்தை அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையின் நிபுணர்கள் யந்திரம் வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள்.

மாத்யூ லீபர்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2007-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். முப்பது பேரை, மூளையின் நடமாட்டத்தைக் காந்த சக்தியால் படம் பிடிக்கும் யந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். கோபமும் பயமும் ததும்பும் மனித முகங்களின் படங்களை அவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு சமயம், அந்த முகத்தில் தெரிகிற உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்னொரு சமயம், அந்த ஆளுக்குப் பொருத்தமான பெயரை, ஆண் பெயரா பெண் பெயரா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

நம் மூளைக்குள்ளே வாதுமைக் கொட்டை வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டால் முதலில் தண்டோராப் போடுவது அதுதான். ஆளின் பெயரைத் தேடியபோது இந்தத் தண்டோரா ஓயவில்லை. உணர்ச்சியின் பெயரைச் சொன்னபோதோ அதன் வேகம் தணிந்தது. அதே சமயத்தில், நெற்றிப் புறத்து மூளையில் வலது பக்கத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்யத் தொடங்கியது. வீட்டில் குழந்தை வீறிட்டு அழும்போது பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "என்ன சங்கதி?" என்று விசாரிப்பது போல என்று வைத்துக் கொள்ளலாம்.

படத்தைப் பார்ப்பது இருக்கட்டும், நிஜமான பயத்துக்கு இது உதவுமா என்று நேயர்கள் கேட்கலாம். 2012-ல் அதே இடத்து நிபுணர்கள் அதையும் சோதித்தார்கள். சிலந்தி என்றால் நடுங்குகிறவர்கள் 88 பேரைச் சேர்த்து, உள்ளங்கை அளவுள்ள உயிருள்ள சிலந்தியின் அருகில் கொண்டு போனார்கள். அவர்களை நான்கு கோஷ்டிகளாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டியார் தங்கள் பயத்தையும் அருவருப்பையும் உள்ளது உள்ளபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது கோஷ்டியார், "இதனால் எனக்கு ஆபத்தில்லை" என்பது போலத் தேறுதல் சொல்லிக் கொள்ள வேண்டும். மூன்றாவது கோஷ்டியார் சம்பந்தமில்லாத விஷயத்தைப் பேச வேண்டும். நான்காவது கோஷ்டியார் பேசவே வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் சிலந்தியின் முன் நிறுத்திக் கைகளின் வியர்வையை அளந்தார்கள். பயத்தை வாய்விட்டுச் சொன்னவர்களுக்கே வியர்வை குறைந்திருந்தது. அச்சத்தைக் குறிக்கும் சொற்களை அதிகமாகச் சொன்னவர்களுக்குப் பலனும் அதிகமாயிருந்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், "இப்போது பயம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நான்கு கோஷ்டியாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். உடம்பு தெளிந்துவிட்டது. மனத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை!

நால்வகை அச்சம்

நம்முடைய முன்னோர்களுக்கு இந்த யந்திரம் இல்லை. ஆனால் பெயர் வைக்கும் கலை அவர்களிடம் இருந்தது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை அதில் வகுத்து, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அச்சத்துக்குக் காரணம் அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்னும் நான்கு. பயத்தைப் பயம் என்று சொல்லி நிறுத்திவிடாமல், "எதனால்?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மகாத்மா காந்தி தமது சுயசரிதையில் இளம்பிராயத்துப் பயங்களை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். திருடர், பேய், பாம்பு இம்மூன்றும் அவரை ஆட்டி வைத்தன. இருட்டில் உறங்க முடியாது, விளக்கு வேண்டும். பக்கத்தில் உறங்கும் மனைவியிடம் இதைச் சொல்ல வெட்கம். கஸ்தூரிபாய்க்கோ இருட்டும் பொருட்டில்லை, பேயும் பொருட்டில்லை. ஆனால் ரம்பா என்னும் பணிப்பெண்ணிடம் பேய்ப் பயத்தைப் பற்றிச் சொல்ல அவரால் முடிந்தது. அவள்தான் அவருக்கு ராம நாமத்தைக் கற்பித்தாள். அணங்கு, விலங்கு, கள்வர் என்று தொல்காப்பியம் கூறும் மூன்றும் அந்தச் சிறுவனிடத்தில் குடியிருந்தன என்பது விந்தைதான்.

நான்காவதான 'இறை' பற்றிய பயமோ, அந்நாளில் தேசம் முழுவதிலும் குடியிருந்தது. 1946-ல் வெளியான தமது நூலில் ஜவாஹர்லால் நேரு, அந்தப் பயத்தை ஒரே சொல்லால் குறித்துவிட்டுப் போகவில்லை. ராணுவம், போலீஸ், ரகசியப் போலீஸ், உத்தியோகஸ்தர்கள், சட்டம், சிறை, ஜமீன்தாரின் ஆள், கடன் கொடுத்தவன், வேலையின்மை, பட்டினி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினார்.

அந்தப் பயம் வாய் திறந்து பேசிய இடம் பீஹாரில் உள்ள சம்பாரண். அங்கே குடியானவர்கள் இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்று தோட்ட முதலாளிகள் நிர்ப்பந்தித்து வந்தார்கள். 1917-ல் காந்தி அங்கே சென்று செய்த முதற் காரியம், குடியானவர்களைப் பேச வைத்ததுதான். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். தொண்டர்கள் குறுக்கு விசாரணை செய்து, சரியென்று கண்டதை எழுதிக் கொண்டார்கள். ரகசியப் போலீஸ் அதிகாரிகளும் அங்கேயே இருந்தார்கள். காந்தி அவர்களை விரட்டவில்லை, மரியாதையாகவே நடத்தினார். யாரைக் கண்டு நடுங்கினார்களோ அவர்களுடைய முன்னிலையிலேயே தங்கள் துயரத்தைச் சொல்லச் சொல்ல, குடியானவர்களின் பயம் தெளிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மறு வருஷம் அந்தக் கட்டாய முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

செய்ய வேண்டியதும் செய்யத் தகாததும்

பெயர் சொல்லிவிட்டால் பயம் பறந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். பெயர் சொல்வது பயத்துக்கு ஒரு வேலி போடுவது போல. வேலிக்குள் அது இருக்கத்தான் இருக்கும். ஆனால் வீடு முழுவதும் திரியாது.

தமிழில் அதற்கு வேண்டிய சொற்கள் ஏராளம். பரீட்சைக்கு முந்தின நாள் பையனுக்கு இருப்பது பதற்றம். புது மனிதர் முன் பெண்ணுக்கு இருப்பது கூச்சம். கடிதம் வராத தாய்க்கு இருப்பது கவலை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் வருவது திகில். ஊர் முழுவதையும் பிடித்துக் கொண்டால் பீதி. சரியான சொல் கிடைத்துவிட்டால், அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒரே கவலையை இரவெல்லாம் அரைத்துக் கொண்டிருப்பது பெயர் சொல்வதாகாது. ஒரு தரம் தெளிவாகச் சொல்லிவிட்டு, செய்யக்கூடிய காரியத்தைச் செய்யப் போக வேண்டும். உணவும் உறக்கமும் நாள் கணக்காகக் கெட்டால் டாக்டரிடம் போவதே முறை. குழந்தைகள் பயந்தால், "ஆண்பிள்ளை பயப்படலாமா?" என்று அதட்டாமல், "எது பயமாயிருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரையில் காத்திருங்கள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுப் பெண் மயக்க மருந்தைப் பற்றி டாக்டரிடமே கேட்டுத் தெரிந்து கொண்டாள். பணத்துக்குத் தன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். மூன்றாவது விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து நான்கு நாள் கழித்து, கணவரிடமே சொன்னாள்.

அவர் சற்று நேரம் அவளைப் பார்த்தார். "டாக்டரிடம் போகப் பயந்து கொண்டு, அந்தக் கஷாயமே போதும் என்று சொன்னவன் நான் அல்லவா?" என்றார்.